மூன்றாம் வரி

ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தைய அறையின் மேல்கூரையில் வெள்ளைச் சதுரங்கள் பதித்திருந்தார்கள். நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் ஆறு, ஆக நாற்பத்தெட்டு. அதில் இரண்டில் தண்ணீர்க் கறை. மல்லாக்கப் படுக்கவைத்துவிட்ட மனிதனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் யாரும் ஒருமுறைகூட மல்லாந்து படுத்துப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

எனக்கு எழுபத்தொரு வயது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் குடலிறக்கம். இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வரும். படுத்தால் உள்ளே போய்விடும். போய்விடுகிறதே என்று நாலு வருடம் தள்ளிப்போட்டேன். இப்போது சில சமயம் போகாமல் நிற்கிறது. உள்ளே சிக்கிக்கொண்டால் அவசரமாக அறுக்க வேண்டிவரும், அது நல்லதல்ல என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். என் மகளைவிட இளையவர். முதுகில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று விளக்கினார். முழித்துக்கொண்டு என்பதுதான் என்னை உலுக்கிற்று. கத்தி, கத்தரி வைக்கும் சத்தமெல்லாம் கேட்குமா என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் அப்பா, இது" என்று ஒரு ஹெட்போனைக் காட்டினார். பாட்டுக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பவர்களுக்குப் பயம் குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, வலி மருந்துகூடச் சிலருக்குக் கொஞ்சமாகப் போதும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "அமைதியான பாட்டா ஒரு தொகுப்பு வெச்சிருக்கேன். கண்ண மூடிக் கேளுங்க."

மூடினேன். முதலில் ஒரு வீணை. பிறகு ஒரு குரல். முதல் அடி முடிவதற்குள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

அது பக்திப் பாட்டுதான். நல்ல குரல்தான். நாகர்கோவிலில் அதைக் கோயிலில் வைப்பார்களோ என்னவோ. எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டை வைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் யாராவது போய்விட்டால், பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்ட கையோடு மைக் செட்காரனுக்கும் சொல்லிவிடுவார்கள். அவன் வந்து முதலில் வைக்கும் பாட்டு அது. தெருமுனையில் அது கேட்டதும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, எந்த வீடு என்று எட்டிப் பார்ப்பார்கள். எழுபத்தொரு வருடத்தில் நான் அதை எத்தனை வாசலில் கேட்டிருப்பேன் என்று அங்கேயே எண்ண ஆரம்பித்துவிட்டேன். இருபத்தாறு வரை வந்தது.

ஹெட்போனின் சத்தம் வெளியிலும் கசிந்திருக்க வேண்டும். கட்டிலைத் தள்ள வந்த ஆயாம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா, அத நிறுத்துங்கம்மா."

"ஏன்? பக்திப் பாட்டுதானே?"

"பக்திதாம்மா. பொணத்த எடுக்கற வரைக்கும் அந்த பக்திதான்."

டாக்டரம்மா என் கையில் கட்டியிருந்த ரத்த அழுத்தப் பட்டையின் மெஷினில் ஏறியிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ஆயாம்மாவைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி, தோளைத் தடவிக்கொடுத்தார். அழுத்தம் இறங்கவில்லை. அரை மணி பொறுத்துப் பார்த்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. சர்ஜன் வந்து எட்டிப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா வாசல்வரை கூடவே வந்தார்.

"மன்னிச்சிருங்க அப்பா. அடுத்த தடவ உங்களுக்குப் புடிச்ச பாட்ட நீங்களே கொண்டு வாங்க."

துணைக்கு வந்திருந்தவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறான். அக்கா ஊரில் இல்லாததால் என்னைப் பார்த்துக்கொள்ளக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். ஆட்டோவில் ஏறியதிலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தான். பெரியார் நகர் திரும்பியதும் அவனால் முடியவில்லை.

"மாமா, ஆபரேசனுக்கு முன்னாடியே உங்களுக்கு மைக் செட்டு கட்டிட்டாங்க. நம்ம ஆளுங்க இவ்ளோ வேகமா வேல செஞ்சி நான் பாத்ததே இல்ல."

"வாய மூடிக்கிட்டு வாடா."

"பந்தலுக்கும் சொல்லிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் எலுமிச்சம்பழம் வெளியே வரும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி மஸ்கட்டில் இருந்தாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஏதோ சிக்கல், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூத்தது நாலு வயசு, ஒரு இடத்தில் நிற்காது. மாப்பிள்ளைக்கு வேலையில் லீவு கிடைக்காது. அதனால் விசா எடுத்து இவளை அனுப்பிவைத்தேன். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடத்தில் ஒரே ஊரில், ஒரே வீட்டில் இல்லாமல் நாங்கள் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய கடிகாரம் என்னுடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடியது. நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை.

ஆபரேஷனைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கிளம்பி வந்துவிடுவாள். அவள் வந்துவிட்டால் அங்கே மகளை யார் பார்ப்பது? முடித்துவிட்டு, தையல் பிரித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மச்சானிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

அன்று சாயங்காலம் மச்சான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். "சொல்லுங்க மாமா. என்னா பாட்டு புடிக்கும்? பதிவு பண்ணித் தரேன்."

எனக்குப் பிடித்த பாட்டு என்று எதுவும் கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்து மூன்று வருடம் சரக்குப் பரிசோதனை பார்த்தவன். மின்சாரப் பெட்டிக்குள் வைக்கிற ஃபியூஸ் கட்டைகள். சூளையிலிருந்து இறக்கியதும் இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்போம். நல்ல கட்டை கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். தனியே போட்டுவிட வேண்டும். அந்த வேலை பார்த்த காது பாட்டைக் கேட்டாலும் விரிசலைத்தான் தேடும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே இழுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேனே தவிர ரசித்ததில்லை.

ஆனால் மச்சான் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலத்தில் தொழிற்பேட்டையில் களிமண் கரைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி உயிர் போகிறாற்போல இருக்கும். நான் கட்டிலில் கிடக்க, அறை வாசலில் என் மனைவி முறத்தை வைத்துக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்குவாள். பொறுக்கும்போது முணுமுணுவென்று ஒரு பாட்டு. பழைய சினிமாப் பாட்டு. முதல் இரண்டு வரியைச் சரியாகப் பாடுவாள். மூன்றாவது வரிக்கு வேறொரு படத்தின் பாட்டுக்குப் போய்விடுவாள். ராகம் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் அந்த ஒட்டு அவளுக்குத் தெரியாது. அங்கிருந்து திரும்பி, வாய்க்குள்ளேயே ஏதோ முனகி, மறுபடியும் முதல் வரிக்கு வந்துவிடுவாள். ஒரு முறம் பருப்புக்குப் பதினேழு சுற்று வரும்.

அது என்ன பாட்டு என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் மூன்றாம் வரியைச் சரியாகப் பாடிவிடுவீர்கள்.

படுத்துக்கொண்டு நான் அந்த மூன்றாம் வரிக்காகக் காத்திருப்பேன். இந்தச் சுற்றிலாவது சரியாகப் பாடுகிறாளா பார்ப்போம் என்று. இரண்டாவது வரி முடிந்து, அவள் மூச்சை இழுத்து, தப்பான பாட்டுக்குள் காலை வைப்பாள். அந்த இடம் வரும்வரைக்கும் எனக்குக் கணுக்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். டாக்டரம்மா விளக்கியதெல்லாம் எனக்கு அப்போதே நடந்திருக்கிறது. நான்தான் அதைப் பாட்டு என்று நினைக்கவில்லை.

முதல் வரியைச் சொன்னேன். மச்சான் ஒரு நிமிடத்தில் அசல் பாட்டைக் கண்டுபிடித்துப் போட்டான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கி வந்திருந்தான். பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பிடில், புல்லாங்குழல், பெரிய பாடகர், எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் வரி வந்தது, வேறு எங்கும் போகாமல் தன் வழியே போயிற்று.

"கொஞ்சம் ஏறியிருக்குது மாமா" என்றான் மச்சான், மெஷினைப் பார்த்து.

"நிறுத்து."

"அருமையான பாட்டு மாமா இது."

"உங்க அக்கா பாடணும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் எழுந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டேன், எங்கும் போவதற்கு இல்லாமலேயே.

அவள் கூப்பிடுகிற நேரம் வந்தது. சாப்பிட்டீர்களா, பால்காரன் வந்தானா, மாடியில் வற்றல் காய்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, முடிந்த அளவு சாதாரணமாக, "ஒரு பாட்டு பாடேன்" என்றேன்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"யாரு பேசறது?" என்றாள்.

"நான்தான்."

"அது தெரியுது. பாட்டு கேக்கறது யாருன்னு கேட்டேன். ஒடம்புக்கு என்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"நாப்பத்தி நாலு வருசத்துல ஒரு நாளு கேட்டதில்ல. தம்பிகிட்ட போன குடுங்க."

நான் மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சத்தியத்தைக் கண்ணாலேயே ஞாபகப்படுத்தினேன். அவன் என்னைவிட அக்காவுக்குப் பயப்படுகிறவன். "பெருசா ஒண்ணுமில்லக்கா" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தவன் எவன் பாதியில் நிறுத்தியிருக்கிறான்? எலுமிச்சம்பழத்திலிருந்து மைக் செட் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுப் போனை என்னிடம் தந்தான்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சக்கர மாத்திர அன்னிக்கி போடலாமான்னு கேட்டிங்களா?"

"கேட்டேன்."

"பச்ச பெட்ஷீட்டு பீரோவுல கீழ்த்தட்டுல இருக்குது. ஆஸ்பத்திரி போர்வைய போத்திக்காதிங்க, ஒங்களுக்கு அரிப்பு வரும்."

"சரி."

நான் காத்திருந்தேன். இப்போது "நான் கெளம்பி வரேன்" என்று சொல்வாள். சொன்னதும் வேண்டாம் என்று மறுப்பதற்கு நாலு காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மகள், பேரன், விசா, விமான டிக்கெட். கோபமாகவே சொல்வது என்றும் முடிவு செய்திருந்தேன்.

"இவளுக்கு இன்னும் பெட்ட விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு இருக்குது" என்றாள். "பெரியவன் இப்பதான் என்கிட்ட சாப்புட ஆரம்பிச்சிருக்கான்."

"தெரியும்."

"தம்பிய ராத்திரி கூடவே படுத்துக்கச் சொல்லுங்க."

"சரி."

அவ்வளவுதான். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் வைத்திருந்த காரணங்கள் எல்லாம் ஏற்கெனவே அவள் கையில் இருந்தன. எதற்காக மறைத்தேனோ அது நடக்கவில்லை. அதற்கு நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். வற்றலை எடுக்க மாடிக்குப் போனவன் அங்கேயே நெடுநேரம் நின்றேன்.

போனை வைக்கும் முன் அவள் ஒன்று கேட்டிருந்தாள். "பாட்ட போன்ல பாடி அனுப்பறேன். அத டாக்டருங்களும் கேப்பாங்களா?" பக்கத்திலிருந்த மச்சான், "எல்லாரும் கேப்பாங்கக்கா, தியேட்டர் பூரா கேக்கும்" என்று கத்திவிட்டான். அந்த ஒரு வார்த்தையால் வந்த வினை மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் பாட்டு வந்திருந்தது. அவள் குரல்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்து மேடையில் நிற்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். மூன்றாவது வரி வந்தது. சரியாக வந்தது. அதற்கடுத்த வரிகளும், சரணமும்கூட, ஒரு வார்த்தை பிசகாமல் வந்தன.

உடனே கூப்பிட்டேன்.

"எப்பிடி இருந்துச்சி?" என்றாள். குரலில் பெருமை.

"நல்லாதான் இருந்துச்சி. மூணாவது வரி..."

"அத ஏன் கேக்கறிங்க. மாப்ள போன்ல பாத்துட்டு, அத்த நீங்க தப்பா பாடறிங்கன்னாரு. டாக்டருங்க கேக்கற எடத்துல அசிங்கமா போயிடுமேன்னு எழுதி வெச்சிக்கிட்டு நாலு வாட்டி பாடிப் பாத்தேன்."

"நீ எப்பவும் பாடறாப்பல பாடேன்."

"எப்பவும் எப்பிடிப் பாடுவேன்?"

வேறு வழியில்லாமல் நான் பாடிக் காட்டினேன். இரண்டு வரி பாடி, மூன்றாவதற்கு அந்த வேறு பாட்டுக்குத் தாவினேன். மச்சான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"அது வேற பாட்டாச்சே" என்றாள்.

"ஆமா. வேற பாட்டுதான்."

"அப்ப இத்தினி வருசமா தப்பாதான் பாடினேனா?"

"ஆமா."

"கேட்டுக்கிட்டு சும்மாவா இருந்திங்க? கொழம்புல ஒரு கல்லு உப்பு கொறஞ்சா கண்டுபுடிச்சி சொல்ற ஆளு."

ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையையும் தட்டிப் பார்த்துக் கழித்துப்போட்டவன், இந்த ஒன்றை மட்டும் ஏன் திருத்தவில்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு அதுதான் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். மூன்றாவது வரி சரியாக வந்துவிட்டது. நிறுத்தி, சிரித்து, மறுபடி பாடினாள். மறுபடியும் சரியாகவே வந்தது. மூன்றாவது தடவை இரண்டாம் வரியோடு நின்றுவிட்டாள்.

"வரமாட்டேங்குதுங்க" என்றாள். "தெரிஞ்சதுக்கப்பறம் எப்பிடித் தெரியாத மாதிரி பாடறது?"

நான் பாடச் சொல்லிக் கேட்காமலே இருந்திருந்தால், அவள் திரும்பி வந்து முறத்தை எடுத்து உட்காரும்போது அது தானாகவே வந்திருக்கும்.

அடுத்த வாரம் அதே அறை, அதே நாற்பத்தெட்டுச் சதுரங்கள். டாக்டரம்மா இந்தத் தடவை ஆயாம்மாவை முதலிலேயே பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "நீங்க கேட்டு சரின்னு சொன்னாத்தான் போடுவேன்" என்றார். ஆயாம்மா ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்தார்.

"யாருங்க பாடறது?"

"வூட்ல" என்றேன்.

"நல்லா பாடறாங்க" என்று சொல்லி, என் காதில் மாட்டிவிட்டார்.

முதுகில் ஊசி இறங்கியது. கால்கள் யாருடையவோ ஆயின. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரியான பாட்டுதான், எனக்குப் பயன்படாத பாட்டு என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்படி மச்சான் செய்து வைத்திருந்தான்.

இரண்டாம் சுற்றில்தான் கவனித்தேன். இரண்டாவது வரி முடிந்ததும் அவள் மூச்சை இழுக்கிறாள். அந்த மூச்சு இருக்க வேண்டியதைவிட நீளம். நாக்கு பழைய இடத்துக்குப் போகப் பார்க்கிறது. எழுதி வைத்ததைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். அப்புறம்தான் சரியான வரி வருகிறது. ஒரு நொடிகூட இருக்காது. தட்டிப் பார்த்துப் பழகாத காதுக்கு அது விழவே விழாது.

மூன்றாம் சுற்றில் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. அந்த நொடிக்குள் அவள் இன்னும் தப்பான பாட்டுக்குப் போகவும் கூடும், போகாமல் இருக்கவும் கூடும் என்பதுபோல இருந்தது. நான்காம் சுற்றிலும் வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் எப்போது ஆரம்பித்தார்கள், எப்போது முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா குனிந்து, ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, "அழுத்தம் நல்லா இருக்கு அப்பா, தூக்க மருந்தே தேவப்படல" என்றார். நான் அவரைக் கையால் தள்ளினேன். இரண்டாவது வரி முடிகிற நேரம் அது.

இரண்டாவது பேரன் பிறந்தான். மகள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். தையல் பிரித்துவிட்டார்கள்; மச்சான் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டான். மஸ்கட்டில் விசாவை நீட்டித்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டு வரேங்க. ரெண்டயும் இவளால பாக்க முடியல" என்றாள். சரி என்றேன்.

நேற்றுக் கூப்பிட்டபோது போனை எதன்மீதோ சாய்த்துவைத்துவிட்டுக் குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் இருப்பதை மறந்து பாடினாள். அதே பாட்டு. நான் சத்தம் காட்டாமல் காதோடு வைத்துக்கொண்டேன். இரண்டாவது வரி முடிந்தது. மூச்சு சின்னதாக, அளவாக இருந்தது. மூன்றாம் வரி எந்தத் தயக்கமும் இல்லாமல், எழுதி வைத்துப் பார்க்காமலேயே வந்தது. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். நன்றாகப் பாடுகிறாள். அந்தக் குழந்தைக்கு அந்தப் பாட்டு சரியான மூன்றாம் வரியோடுதான் தெரிந்திருக்கும்.

"எப்ப வர?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மெல்லிய குரலில். "இவன் இப்பதான் கண்ண மூடறான்."